சாயங்காலச் சப்பாத்தி

கணவர் மாவு டப்பாவைத் திறக்கப் போகிறார். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவள் அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

மகளின் பிரசவத்துக்குப் போனவள் இரண்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தாள். வரும் வழியிலேயே டாக்டரையும் பார்த்தாயிற்று. மகள் வீட்டில் கோதுமையைத் தொடவே இல்லை என்று அவள் சொன்னதும், ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "அப்படியே விட்டுருங்கம்மா" என்றார். சர்க்கரை அந்த அளவுக்கு இறங்கியிருந்தது.

உடம்பும் அதைத்தான் சொன்னது. உள்ளங்கால் எரிச்சல் போய்விட்டது. மத்தியானம் கண்ணைச் சொருகுவதில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது.

குறுக்கே நின்றது அந்த மாவு டப்பா ஒன்றுதான்.

அவள் வருகிறாள் என்று நேற்றே மில்லுக்குப் போய் அரைத்து வைத்திருக்கிறார். அவள் இல்லாத நாளெல்லாம் அடுப்பே பற்றவைக்கவில்லையாம். மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு.

சுகர் என்றாலே ராத்திரிக்குச் சப்பாத்தி. யார் வீட்டில்தான் அப்படியில்லை? அவளுக்குச் சுகர் என்று தெரிந்த அன்றே அவர் கோதுமை மாவோடு வந்து நின்றார்.

"நீ உக்காரு மரகதம். நான் சுடறேன்."

அதுவரை அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர்.

பீளமேட்டு லேத் பட்டறையில் ஆயுசெல்லாம் இரும்பை வட்டமாகக் கடைந்த கை. சப்பாத்தி மட்டும் ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை. அவள் கேலி செய்வாள். அவர் தேய்த்துக்கொண்டே பேசுவார். பட்டறையில் நடந்தது, செத்துப்போன தம்பி, அப்பாவிடம் அடி வாங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடம் வாயைத் திறக்காத விஷயமெல்லாம் மாவோடு மாவாக வெளியே வந்தது.

சப்பாத்தி நின்றால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். பழையபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அவளுக்கு அதுதான் பயம்.

சொல்லாமல் ஒன்றிரண்டைத் தின்றுவைக்கலாமா என்றுகூட நினைத்தாள். ஆறிப்போன காலை மறுபடி எரியவிட மனசு வரவில்லை.

"ஏனுங்க. இனிமே எனக்குச் சப்பாத்தி வேண்டாமுங்க."

மூடியில் இருந்த கை நின்றது.

"கோதுமையே வேண்டாம்னுட்டாரு டாக்டரு. சுகர் நல்லா எறங்கியிருக்குதுங்க."

"நெசமாவா புள்ள?"

"நெசந்தானுங்க."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு டப்பாவைத் தள்ளி வைத்தார். மாவே படாத கையைத் துண்டில் துடைத்தார். கூடத்துப் பக்கம் திரும்பி இரண்டடி நடந்தார்.



வாசற்படி தாண்டியவர் அங்கேயே நின்றார்.

"அப்ப ராத்திரிக்கு?"

"பச்சைப்பயறு அடை சாப்பிடலாமுன்னாரு."

"அது எப்படிப் பண்றது?"

மூன்று பிள்ளைகளை அந்த அடையைச் சுட்டுப்போட்டே வளர்த்தவள் அவள். வந்ததும் வராததுமாகப் பயறை ஊறப்போட்டும் வைத்திருந்தாள்.

"எனக்கும் சரியாத் தெரியலீங்க" என்றாள். "வாங்க, ரெண்டு பேருமாப் பண்ணிப் பாக்கலாம்."

வருடக்கணக்கில் அவள் கையால் அந்த அடையைத் தின்றவர், அதை நம்பியவர் போலத் தலையாட்டினார்.

சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.