அடிப்பிடித்த சட்டி

எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தே கிடக்கிறது. பார்க்காமலிருக்க எங்கள் தெருவுக்கென்ன கண்ணா அவிந்துவிட்டது? தானமாக வரும் பழைய மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்துப் பவர் எழுதும் தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்காகக் கடல் தாண்டி வந்து, அந்த வீட்டில் தங்கியிருக்கும் பெண் எச்சில் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறுபக்கம் வீட்டுக்கார அம்மா இழுக்கிறாள். "விருந்தாளி நீ, உட்காரும்மா!" "மூணு வாரமா உட்கார்ந்தேதான் இருக்கேன் ஆன்ட்டி. இது வீடா, கல்யாண மண்டபமா?" மாலை வெயில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பாத்திரம் துலக்கும் முறைப்பட்டியலில் விழுகிறது, அதில் அப்பாவுக்குக்கூட ஒரு நாள் உண்டு, இவளுக்குத்தான் இல்லை. இதுதான் சமயமென்று கடைக்குட்டி நாற்காலியில் ஏறி, சனிக்கிழமையில் தன் பேரை அடித்துவிட்டு 'கண்ணாடியக்கா' என்று எழுதுகிறாள். அம்மா பட்டியலைப் பார்க்கிறாள், தட்டை விடுகிறாள். "இன்னிக்கே சனிதான். பால் சட்டி அடிப்பிடிச்சிருக்கு, நல்லாத் தேய்." தீய்ந்த சட்டியின் முன்னால் இப்படி வாயெல்லாம் பல்லாக நிற்கிறவளை எங்கள் தெரு பார்த்ததேயில்லை.