அது வெறும் வதந்தி சார்

“அது வெறும் வதந்தி, அண்ணாச்சி. ஓணத்துக்கு வரப்போற மடக்குப் போன் எங்க கம்பெனி சிம்முல மட்டும்தான் வேலை செய்யும்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய். எந்த சிம் போட்டாலும் ஓடும்.”

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் செல்போன் கம்பெனி கவுண்டரில் சுஜா இதைச் சொன்னபோது மணி ஒன்பதேகால். அப்போதே குரலில் அவ்வளவு அலுப்பு. எதிரே நின்ற நெல்லையப்பன், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“நான் ரீசார்ஜ் பண்ண வந்தவனாக்கும் மக்களே. எனக்கு என்னத்துக்கு மடக்குப் போன்?”

“யாராவது சொன்னா நம்பிராதீங்க, அதுக்குத்தான்.”

நெல்லையப்பன் ரீசார்ஜ் செய்துகொண்டு போனார். அரைமணி நேரத்தில் மனைவியையும் மூத்த மகனையும் ஆதார் அட்டையோடு கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு பேரும் வேறு கம்பெனி சிம் வைத்திருந்தவர்கள்.

“இவங்க ரெண்டு பேரையும் இங்க மாத்திரு. நம்பர் மாறாதுல்லா?”

“மாறாது. ஆனா அந்தப் போனுக்காகன்னா மாத்த வேண்டாம் அண்ணாச்சி. அது பொய்னு சொன்னேனே.”

“கம்பெனியே மறுக்குதுன்னா காரியம் இருக்குல்லா? நீ ஃபாரத்தை எடு.”

விடிந்தால் இரண்டு பத்திரிகை படிக்காமல் பல் தேய்க்காத ஊர் இது. பஸ் கட்டணம் உயராது என்று மந்திரி சொன்னால் அன்றைக்கே சில்லறை சேர்த்து வைக்கிற ஜனங்கள். இவர்களிடம் போய் ஒன்றை இல்லை என்று சொல்லி நம்பவைக்க யாரால் முடியும்?

சுஜாவுக்கோ அன்று உயிர் போகிற நாள். மாதக் கடைசி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேறு கம்பெனியிலிருந்து முப்பது பேர் மாறி வந்திருக்க வேண்டும். நேற்றுவரை வந்தவர்கள் நாலே பேர். முப்பது தேறாவிட்டால் கவுண்டரை மூடி அவளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் வித்துராவுக்கு மாற்றுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. பக்கத்திலேயே வலியசாலை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்கு மத்தியானம் ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறவள் அவள்தான். வித்துராவிலிருந்து எப்படி ஓடி வருவது?

ஒரே ஒரு ‘ஆமாம்’ சொன்னால் போதும், கூட்டம் குவிந்துவிடும். சொல்லவில்லையே அவள்!

பதினோரு மணிக்கு லலிதாம்பாள் மாமி வந்தாள். “ஏன்டிம்மா, டில்லியில ஒப்பந்தமே கையெழுத்தாயிடுத்தாமே? எங்காத்து ஸ்ரீநிவாஸுக்கு வாட்ஸப்பில வந்திருக்கு.”

“பொய் மாமி. நீங்க பழைய கம்பெனியிலயே இருங்கோ, ஒண்ணும் ஆகாது.”

“நல்ல பொண்ணுடி நீ. சொல்லிக் கொடுத்ததை மாறாம சொல்றே. எங்கே கையெழுத்துப் போடணும்?”

அப்புறம் மலையாளம் கலந்து பேசும் ஒரு காலேஜ் பெண். “சேச்சி, இப்ப இருக்குற போனும் நின்னு போகும்னு கேட்டது சரியாணோ?”

“ஐயோ, அல்ல மோளே! அதும் பொய்.”

அவளும் தோழிகள் நாலு பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். மத்தியானம் சுஜா வீட்டுக்கு ஓடி, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திரும்பினாள். வரிசை சிப்ஸ் கடையைத் தாண்டியிருந்தது. எல்லாரிடமும் அதே பதில். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று. எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்காவது போய்ப் படுத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நாலரை மணிக்கு நாற்பத்தொன்று ஆயிற்று. அந்த நேரம் பார்த்து ஏரியா சூப்பர்வைசர் வன்னியராஜ் பைக்கை நிறுத்திவிட்டு வேகமாக உள்ளே வந்தார். திருநெல்வேலிக்காரர், முகம் சிவந்திருந்தது.

“என்னம்மா நடக்குது இங்க? மடக்குப் போன் வதந்தி பரவுதுன்னு மேலிடத்துல என்னைப் போட்டுக் குடையுதாங்க. நம்ம ஆளுங்களே பொய் சொல்லி ஆள் சேர்த்திருந்தா வேலை போயிரும், தெரியும்லா?”

தம்பியோடு வந்து வரிசையில் நின்ற நெல்லையப்பன்தான் முந்திக்கொண்டார்.

“அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதேயும்! காலையில இருந்து பொய், பொய்னு தொண்டை வத்தக் கத்திட்டுல்லா இருக்கு. நாங்கதான் கேக்கல்லை.”

“சத்தியமான வார்த்தை” என்றது வரிசை.

வன்னியராஜ் தணிந்தார். மிச்சமிருந்தவர்களின் படிவங்கள் முடிந்து கடை காலியாகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு, “சரிம்மா, கவுண்டரை மூடல்லை. வித்துராவுக்கும் போக வேண்டாம். நான் பேசிக்கிடுதேன்” என்றார்.

சுஜா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அழுகையா வியர்வையா, அவளுக்கே தெரியவில்லை.

“ஆனா ரிப்போர்ட்ல ஒரு பேரு எழுதியாகணும்” என்று வன்னியராஜ் பேனாவைத் திறந்தார். “இப்படி ஒரு வதந்தி இருக்குன்னு உங்ககிட்ட முதல்ல வந்து சொன்னது யாரு?”

சுஜா வாசலைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“யாரும் சொல்லல்லை சார். நான்தான் முதல்ல மறுத்தேன்.”