மூன்றாம் பாட்டில் ஒரு விசில்

காதைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில் ஸ்பீக்கரிலிருந்து பாய்ந்தது.

"இதுதான் சார், என் பையன் டெரிக்!" என்று ஸ்டெல்லா எழுந்தே விட்டாள்.

பாடகர் ரோட்னியின் ராக் கச்சேரி முடிந்து பைக்கில் திரும்பும்போது லாரியில் சிக்கிச் செத்தவன். அவன் எழுப்பிய சத்தம் என்று அவளிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். அந்தக் கச்சேரி மேடையிலேயே பதிவான ஆல்பத்தைத் தினமும் கேட்பாள். அதை மறுபடி வெளியிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், விசிலை வெட்டிவிடாதீர்கள் என்று ரோட்னியிடம் கெஞ்ச வந்திருந்தாள்.

ரோட்னி நகத்தைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார்.

"வெட்டுவோமாம்மா? லைவ் ஆல்பத்துக்கு ருசியே அதானே! அன்னிக்கு வந்த கூட்டம் பொணமாட்டம் உக்காந்திருந்துச்சு. கைதட்டல், விசில் எல்லாம் ஏதோ கிரிக்கெட் மேட்ச்ல பிடிச்சு நாங்க ஒட்டினது."