சோப்பு வாங்கிய மதிப்பெண்

துணி சோப்பு ஜெயித்துவிட்டது.

அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். அதில் தெரிந்தது, பசியைத் தூண்டும் ஹார்மோன் வந்து உட்காரும் ஏற்பி. அதன் பள்ளத்தை வேறொரு பொருள் அடைத்துக்கொண்டால் பசி அடங்கும் என்பது கணக்கு. அந்தப் பள்ளத்துக்குள், சோப்பை நுரைக்க வைக்கும் வேதிப்பொருள் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியான சாரின் மூலிகை வாங்கியதைவிட நல்ல மதிப்பெண்.

எதைப் பொருத்திப் பார்த்தாலும் கணினி ஒரு மதிப்பெண் கொடுக்கும். அதை நம்பி யாரும் எதையும் விழுங்கக் கூடாது. எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கே இன்னும் எத்தனையோ படி இருக்கிறது. துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான், மூலிகை ஏற்பிக்குள் பொருந்துவதாக அவள் செய்த படத்தைச் சூரண டப்பாவில் அச்சடிக்கக் கொடுத்தார். சாருடைய மச்சினன் விற்கும் சூரணம். டப்பாவில் 'பசி அடங்கும், உடம்பு இளைக்கும், கணினியில் நிரூபிக்கப்பட்டது' என்று இருந்தது.

கீழே அவள் பெயர்.

அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று ஊரிலிருந்து அண்ணி போனில் பேசினாள். குழந்தை பிறந்து நான்கு மாதம். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அந்தச் சூரணத்தைத்தான் கரைத்துக் குடிக்கிறாளாம். பால் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். பரவாயில்லையாம்.

"உன் பேரு போட்டிருக்கே, அதான் நம்பி வாங்குனேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

காலையில் வந்ததும் சோப்பைப் போட்டுப் பார்த்தாள். முடிவை அச்செடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனாள்.

எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எந்த மூலிகை என்று கேட்டார்.

துணி சோப்பு என்றாள். நம் ஆராய்ச்சியின் லட்சணம் இவ்வளவுதான் சார் என்றாள். டப்பாவிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூந்திக்கொட்டைன்னு போட்டுக்கலாம்மா. அதுலயும் நுரை வருதுல்ல. இதுக்கும் உன் பேரே இருக்கட்டும்."

அவள் ஆய்வேடு அவர் மேஜைமேல்தான் இருந்தது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வராந்தாவுக்கு வந்தாள். அவரைவிடத் தன்மேல்தான் அதிக அருவருப்பாக இருந்தது.

அண்ணியைப் போனில் கூப்பிட்டாள்.

சாரின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அது நான் பண்ணதுதான் அண்ணி. அதான் சொல்றேன், குடிக்காதீங்க."