மணிக்கோபுரத்தில் தூங்கியவர்

டங்... டங்... என்று பன்னிரண்டு அடி. ஆராதனைக்கு ஒன்பது மணிக்கு அடிக்க வேண்டிய அந்த சர்ச் மணி, அவளுடைய சின்ன வயதில் ஒரு ஞாயிறுகூட ஒன்பது மணிக்கு அடித்ததில்லை. ஒன்பது ஏழு, ஒன்பது எட்டு. மழை பெய்தால் ஒன்பதேகால்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து, பாழடைந்து கிடந்த அதே சர்ச்சின் பூட்டை, கட்டடம் இடிக்கிற கான்ட்ராக்டர் அவளுக்காகத் திறந்துவிட்டார்.

"அரை மணி நேரம்தாம்மா. நாளைக்குக் கோபுரத்துலதான் முதல்ல கை வைக்கிறோம். படி பத்திரம்."

"பாத்துக்கறோம்" என்றான் தம்பி. அவனுக்கும் அறுபது நெருங்கிவிட்டது. "அப்படி என்னதான்க்கா பாக்கணும் உனக்கு? உள்ள புறா எச்சம்தான் இருக்கும்."

"கோபுரத்துல மணிக்காரர் எங்க படுத்துத் தூங்கினார்னு பாக்கணும்."

"ஆளே போய்ச் சேர்ந்திருப்பார். நீ அவர் பாயைத் தேடப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகை ஆபீசில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். தான் எழுதிய ஒரே ஒரு வரி உண்மையா பொய்யா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

மணிக்காரர்மேல் சபைக் கமிட்டிக்குப் புகார் கொடுத்தது அம்மா. "எழுதுடி" என்று அம்மா சொல்லச் சொல்ல, எழுதியது பதினாறு வயது அவள். மணி பிந்துகிறது என்பதை மட்டும்தான் அம்மா சொன்னாள். 'மணிக்காரர் கோபுரத்தில் படுத்துத் தூங்குகிறார், மழை நாளில் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம்' என்பது அவளாகச் சேர்த்தது. படிக்க நன்றாக இருந்தது.

கமிட்டி அந்த வரியைத்தான் சத்தமாகப் படித்தது. மணிக்காரருக்கு வேலை போனது.

உள்ளே பெஞ்சுகள் இல்லை. அவை நின்ற தடங்கள் மட்டும் தரையில் வரிசையாக இருந்தன. பாட்டு நம்பர் பலகையில், கடைசி ஞாயிறு பாடிய மூன்று நம்பர்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

"இருநூத்திப் பதினாலு! நாம கத்திக் கத்திப் பாடுவோமே, அதுதானே?"

"நீ கத்தின. நான் பாடினேன்."

பாட்டுக் குழுவில் இருந்ததால் இருவரும் எட்டரைக்கே வந்துவிடுவார்கள். அம்மாவுக்கு ஒரு கால் சரியில்லை. தாங்கித் தாங்கிப் பின்னால் தனியாக வருவாள்.

தம்பி பெரிய கதவைத் தட்டிப் பார்த்தான். "மணி ஓஞ்சதும் பாதிரியார் இதைச் சாத்திடுவார், ஞாபகமிருக்கா? அப்புறம் யார் வந்து நின்னாலும் திறக்க மாட்டார்."

"அம்மா ஒரு நாள்கூட வெளியில நின்னதில்ல" என்றாள் அவள். அம்மாவே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட விஷயம் அது.

கோபுரப் படி, ஆளை ஒருக்களித்து ஏறச் சொன்னது. தம்பி முன்னால் போய் நின்றவன், "அக்கா" என்றான். "படுக்கவா? இங்க சம்மணம் போட்டு உட்காரக்கூட முடியாது."

ஒருவர் நின்று கயிறு இழுக்கும் இடம், அவ்வளவுதான். அவன் இரண்டு படி இறங்கி வழிவிட, அவள் ஏறிப் பார்த்தாள். சுற்றிலும் நாலு ஜன்னல். மழை உள்ளே வராமல் சாய்வாக மரச் சட்டம் அடித்தவை. மூன்று ஜன்னல்கள் முழுசாக இருந்தன. நாலாவதில் மட்டும் கண் உயரத்தில் இரண்டு சட்டங்கள் இல்லை. உடைந்ததல்ல, ரம்பம் வைத்து அறுத்தது. கீழே விளிம்பு, முழங்கை ஊன்றி ஊன்றி வழவழவென்று தேய்ந்திருந்தது.

அவள் குனிந்து அந்த இடைவெளி வழியே பார்த்தாள்.

"என்னக்கா தெரியுது?"

"மேட்டுத் தெரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்டா. நம்ம வீட்டுல இருந்து வர்ற வழி. அம்மா உக்காந்து மூச்சு வாங்குவாங்களே, அந்தப் பாலத்துச் சுவர். அதுலேர்ந்து இங்க வாசப்படி வரைக்கும் தெரியுது."

தம்பி ஒரு படி ஏறி, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மழை நாள்ல அம்மா இன்னும் மெதுவாத்தான் நடப்பாங்க" என்றான்.

அவளுக்குக் கமிட்டி நடந்த நாள் கண்ணில் வந்து நின்றது. 'ஏன் பிந்துகிறது? ஒரு காரணம் சொல்லும், மன்னித்துவிடுகிறோம்' என்று பாதிரியார் மூன்று தரம் கேட்டார். மணிக்காரர் தலை நிமிரவே இல்லை. முன் பெஞ்சில், ஊர் மொத்தமும் பார்க்க, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"புது ஆள் வந்தப்புறம் அம்மா ஒரே ஒரு ஞாயிறுதான் கிளம்பினாங்க" என்றான் தம்பி. "கால் வலின்னு பாதி வழியிலயே திரும்பிட்டேன்னு சொன்னாங்களே? அப்புறம் சர்ச் பக்கமே வரல."

"பாதி வழி இல்லடா" என்றாள் அவள். "சாத்தின கதவு வரைக்கும் வந்திருக்காங்க."

இருவரும் இறங்கி வெளியே வந்தார்கள்.

"என்னம்மா, தேடினது கெடச்சுதா?" என்றார் கான்ட்ராக்டர், பூட்டை மாட்டிக்கொண்டே.

"இங்க மணி அடிச்சவர் அப்புறம் என்ன ஆனார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? எங்கப்பா வேலை பாத்த மில்லுலதானே இருந்தார்."

அடுத்த ஊர் மில்லில் சங்கு ஊதுகிற வேலைக்குச் சேர்ந்து, பதினோரு வருஷம் பார்த்து, மணிக்காரர் அங்கேயே இறந்துபோனார். அந்தப் பதினோரு வருஷத்தில் மில் சங்கு ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் பிந்தியதில்லை.