ஒரு சிறங்கை குறைவு

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன். தட்டுகிற தட்டில் பாதி அரிசி நிலத்தில் சிந்துகிறது. கோபத்தில்தான். பயத்தில் என்று நினைக்கவேண்டாம்.

காலையில் ஐயாத்துரை மாஸ்டர் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடம் என்றால், எங்கள் குடியேற்றத்து ஆட்கள் கிடுகால் மேய்ந்த ஒரு கொட்டில். அரசாங்கம் இன்னும் பதியவில்லை. மாஸ்டருக்குச் சம்பளமும் தொடங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை முல்லைத்தீவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகுதான் எல்லாம்.

வேற்று ஆம்பிளைகளோடு கதைத்து எனக்குப் பழக்கமில்லை. பக்கத்துக் காணி இலட்சுமி அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய், கொட்டிலைத் தாங்கும் கப்பு மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் என் மகளை எழுப்பினார்.

"பத்மாசனி, பத்து மாங்காயிலை ஆறை எடுத்தால் மிச்சம்?"

"நாலு, மாஸ்டர்."

"பத்து மாட்டிலை ஆறு மேயப் போனால்?"

"நாலு."

"பத்துச் சிறங்கை அரிசியிலை ஆறு சிறங்கையை உலையிலை போட்டால்?"

"மூண்டு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"கேட்டியளோ? மாங்காய் எண்டால் சரி, மாடு எண்டால் சரி. அரிசி எண்டால் மட்டும் ஒரு சிறங்கை குறையுது. ரெண்டு கிழமையா இதே கூத்து! இன்ஸ்பெக்டர் முதல் கேக்கிறதே கழித்தல்தான்."

"ஏன் பிள்ளை மூண்டு?" என்று மெல்லக் கேட்டேன்.

"நீங்கள்தானேம்மா முதல் ஒரு சிறங்கை அள்ளி முட்டிக்குள்ளை போடுவியள். அதுக்குப் பிறகுதானே உலை."

எனக்கு முகம் சுட்டது. உண்மைதான். ஒவ்வொரு நாளும் அரிசி களைய முன்னம், மூலையில் இருக்கும் மண் முட்டிக்குள் ஒரு சிறங்கை, ஒரு கை நிறைய அரிசி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் எண்ணப் பழகினாள்.

"ஆருக்கு அந்தச் சிறங்கை?" என்றார் மாஸ்டர்.

நான் கப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"எலிக்கோ?"

மறுபடியும் சிரிப்பு. இலட்சுமி அக்கா ஏதோ சொல்ல வெளிக்கிட்டா. அவவின் கையில் நுள்ளினேன்.

"ஓம் மாஸ்டர். எலிக்கு எண்டே வையுங்கோ."

"நல்ல வீடு! எனக்கும்தான் கூட்டுறவுச் சங்கக்கடையிலையிருந்து கிழமைக்குக் கிழமை அரிசி வருது. சங்கம் எனக்கெண்டு ஒதுக்கினது. ஒரு நாளும் குறைஞ்சதில்லை. அதுக்குப் பேர் ஒழுங்கு."

ரோசக்கார மனிசன். வந்த புதிதில் இலட்சுமி அக்கா கொண்டுபோன சோற்றை, "நான் படிப்பிக்க வந்தனான், பிச்சை எடுக்க வரேல்லை" என்று திறந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பியவர்.

"நாளைக்கும் மூண்டு எண்டாளெண்டால் கீழ் வகுப்புக்கு, அரிவரிக்கு இறக்கிப்போடுவன். ஒரு வருசம் வீணாப் போகும். நாலு எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

பத்மா என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. நான் ஒரு சொல் சொன்னால் போதும், நாலு என்று சொல்லிவிடுவாள். தன் கண்ணால் கண்டதைப் பிழை என்று நினைக்கவும் பழகிவிடுவாள்.

கப்பை விட்டு முன்னே வந்தேன்.

"சொல்லச் சொல்ல மாட்டன், மாஸ்டர்."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"பிள்ளை சொன்னது பிழையில்லை. நீங்கள் கேட்டதுதான் அரைகுறை. உலையிலை போட முதல் ஒரு சிறங்கையை எடுத்து வைச்சால் எண்டு கேட்டுப் பாருங்கோ. அதுக்கும் பிழையாச் சொன்னாளெண்டால் அரிவரிக்கில்லை, நானே மாடு மேய்க்க விடுறன்."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

"வாயைப் பாருங்கோவன்! நாளைக்கு அவள் அரிவரி வாங்கிலைதான்."

"இருக்கட்டும். அங்கையிருந்தும் மூண்டுதான் சொல்லுவாள்."

வரும் வழியெல்லாம் இலட்சுமி அக்காவுக்கு மனம் ஆறவில்லை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பெட்டை. அவரின்ரை வாய் அடைஞ்சிருக்கும்."

"வாய் மட்டுமோ அக்கா? பள்ளிக்கூடமும் எல்லோ அடைபட்டிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் முடிவெடுத்தேன். இனி அந்த முட்டிக்குள் ஒரு மணி அரிசியும் விழாது. அந்த வீறாப்பில்தான் இப்போது புடைக்கிறேன்.

படலையில் சைக்கிள் மணி. சங்கக்கடைக் கனகலிங்கம் அண்ணை.

"தங்கச்சி, முட்டி அரிசியைத் தாங்கோ! மற்ற ஆறு வீட்டிலையும் எடுத்திட்டன். ஐயாத்துரை மாஸ்டர் அடுப்பை மூட்டிப்போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்."

"சங்கம் தாறது எண்டுதானே இண்டைக்கும் சொல்லுவியள், அண்ணை?"

"பின்னை? எங்கடை வீடுகளிலை அள்ளினது எண்டு தெரிஞ்சால் அந்தாள் பட்டினி கிடந்தே செத்துப்போகும்."

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். குசினிக்குள் போய் முட்டியைத் தூக்கினேன். பிறகு சுளகிலிருந்து ஒரு சிறங்கை அள்ளிப் போட்டேன். என்ன நினைத்தேனோ, இன்னொரு சிறங்கையும் போட்டேன்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பத்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இண்டைக்கு ரெண்டு சிறங்கை எடுத்திட்டியள். அப்ப நாளைக்கு மாஸ்டருக்கு மிச்சம் ரெண்டு எண்டெல்லோ நான் சொல்லவேணும்?"

"ஓம் பிள்ளை, ரெண்டுதான். பயப்பிடாமல் எழும்பி நிண்டு சொல்லு. ஆனால் அது ஆருக்கெண்டு மட்டும்..."

"தங்கச்சி! அங்கை உலை ஆறுது, கெதியா வாங்கோ!"