மயிலு ரிப்பேரு

"புருவத்தையுமாடா மொட்டை போட்டே?"

சமயநல்லூர் டீக்கடையில் அம்புட்டுப் பேர் முன்னால் கேட்டார் ஆட்டோக்கார உக்கிரபாண்டி.

"பழனியில இப்ப ஆஃபரு மாப்ள. தலைக்குப் போட்டா புருவம் இலவசம்," என்றார் விருமாண்டி.

"கையில என்ன கம்பு?"

"தண்டாயுதபாணி குடுத்துவிட்டாரு. 'என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணை நீ வச்சுக்க'ன்னாரு."

கடையே சிரித்தது. எதிர்வீட்டு வாசலில் நின்ற விருமாண்டியின் மனைவி அழகம்மாளுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் விருமாண்டி பழனிப் பக்கமே போகவில்லை.

ரெண்டு மாசம் முன்னால் கழுத்தில் நெறி கட்டியது. இடுப்பும் வலித்தது. அது வேறு, இது வேறு என்றிருந்தார். ரெண்டும் ஒரே நோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐரின் சொன்ன பிறகுதான் தெரிந்தது. லிம்போமா என்கிற புற்றுநோய். ஸ்கேன் படத்தில் இடுப்பெலும்பு திருக்கார்த்திகை மாதிரி எரிந்தது.

"எலும்புக்குள்ளயே இறங்கிருச்சா? அப்ப முடிஞ்சுதா தாயி?"

"இல்லய்யா. இது மருந்துக்குக் கரையிற நோய்தான். இருபத்தோரு நாளைக்கு ஒருக்கா, ஆறு தடவை மருந்து ஏத்துவோம். ஆனா உங்க எலும்பு இப்ப கறையான் அரிச்ச கட்டை. கம்பு ஊணி நடங்க. குலுங்கவே கூடாது."

ஆறு தடவை என்றதும் விருமாண்டிக்குப் பொறி தட்டியது. ஆறுபடை வீட்டுக்கு வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்.

"நோயாளியப் போயி இப்படி நக்கலடிக்கிறாரே அந்த மனுசன்," என்றாள் அழகம்மாள். "நான் உள்ளதைச் சொல்லிப்புடுறேன்."

"சொன்னே, தொலைச்சுப்புடுவேன். தெரிஞ்சா எவனும் என்னைய வையமாட்டான். 'பாவம், உக்காருங்க'ன்னு பெஞ்சுல இடம் குடுப்பாய்ங்க. அப்பவே நான் பாதிப் பொணம்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை உக்கிரபாண்டியின் ஆட்டோதான். அது தலை மறைந்ததும், ரெண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு மெல்ல நடப்பார் விருமாண்டி.

அந்த ஆட்டோ தனிக் கொடுமை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நிற்கும், யோசிக்கும், ஏறும், இறங்கும். சைக்கிள்காரன் முந்திப் போவான்.

"வேணும்னே கடுப்பேத்துறியா? மத்தவுகளை ஏத்துனா பறக்கிறே."

"உன் பொய் மூட்டை கனம் மாப்ள. வண்டி இழுக்க மாட்டேங்குது."

அஞ்சாவது தடவை திருத்தணி. போனவர் அன்று சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"மெட்ராசையும் தாண்டிக் கெடக்கு திருத்தணி," என்றார் உக்கிரபாண்டி. "காலையில போயி சாயங்காலம் வந்துட்டே. முருகன் மயில்ல ஏத்திவிட்டாரா?"

"மயிலு ரிப்பேரு மாப்ள. சேவல்ல வந்தேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது.

ஒருவழியாக ஆறும் முடிந்தது. ஒன்றரை மாசம் கழித்து மறுபடி ஸ்கேன். அதன் முடிவைக் கேட்கப் போகிற நாளில் விடிந்ததுமே ஆட்டோவில் ஏறிவிட்டார் விருமாண்டி.

"ஆறும்தான் முடிஞ்சுதே, இன்னைக்கு எங்க?" என்றார் உக்கிரபாண்டி.

"மருதமலை. ஏழாவது படைவீடு."

ஆட்டோ அன்றைக்கும் ஊர்ந்துதான் போனது.

டாக்டர் ஐரின் படத்தைக் காட்டினார். இடுப்பில் எரிந்த கார்த்திகை விளக்கெல்லாம் அணைந்திருந்தது.

"எலும்பும் கூடிக்கிட்டு வருதுய்யா. கம்பை விட்டுறலாம். இனிமே கொஞ்சம் குலுங்கினாலும் பயமில்ல."

கம்பை ஆஸ்பத்திரிச் சுவரோரம் சாத்திவிட்டு, கையை வீசிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார் விருமாண்டி. ஆட்டோ நின்றிருந்தது.

"கம்பு எங்கடா?"

"தண்டாயுதபாணி திருப்பிக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

உக்கிரபாண்டி வண்டியைக் கிளப்பினார். கிளம்பியதா? பறந்தது. முதல் வேகத்தடையில் விருமாண்டி சீட்டை விட்டு ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார்.

"அடேய், அஞ்சு மாசமா மாட்டு வண்டி ஓட்டிட்டு, இன்னைக்கு என்னடா வந்துச்சு உனக்கு?"

உக்கிரபாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொத நாளே உன் பின்னாலயே வந்து விசாரிச்சேன், குலுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்துச்சு. இனிக் குலுக்கலாம்னு இப்பத்தான் போன்ல சொல்லுச்சு... உன் ஏழாவது படைவீட்டு டாக்டரம்மா."